மற்றும் பலர்

— ஜூலை பதினேழு, வெள்ளிக்கிழமை. காலையில் சாரல். நண்பகலுக்குப் பின் மேகமூட்டம், காற்று இல்லை. எழுதிக்கொண்டாயா, ரத்னா?

— எழுதியாச்சு. ஆனா எந்த நாடகத்துக்காக்கும் இது? டி.வி.காரங்க மூட்டையக் கட்டிப் போயி பத்து நிமிஷம் ஆவல்ல. பாயசத்துல ஈ மொய்க்குது. இப்பந்தானா உங்களுக்கு விமர்சனம் எழுதணும்?

— நிகழ்ச்சியைக் கண்ட அன்றே எழுதிவிட வேண்டும். முறை என்று ஒன்று உண்டு.

— என்ன நிகழ்ச்சி? கண்ணு ஆபரேஷனுக்குப் பெறகு நீங்க படி தாண்டல்லியே.

— தாண்ட வேண்டியதில்லை. எழுத்துத்தான் எனக்குக் கலங்குகிறது. ஆள் தெரிகிறது, வெளிச்சம் தெரிகிறது. நிகழ்ச்சி இந்தக் கூடத்திலேயே நடந்தது.

— இஞ்ச நடந்தது கூத்து! மூணு மணிக்கு மந்திரி சினிமா அவார்டு லிஸ்டு வாசிப்பாராம், சிறந்த நடிகை ரத்னாபாய்தான்னு கேள்விப்பட்டாங்களாம், அந்த நேரத்துல என் மொகம் டி.வி.ல லைவா போணுமாம். சோபாவ நீக்கிப் போட்டு, சத்தம் கேக்கும்னு ஃபேன நிறுத்தி, வேர்க்க வேர்க்க ஒரு மணிக்கூர் உக்கார வச்சாங்க. கடசீல வாசிச்சது கழக்கூட்டம் ஊருல இருக்குத வேறொரு நடிகைப் பிள்ளை பேரு.

— அதைத்தான் எழுதப் போகிறோம்.

— எத? நான் தோத்ததையா? மாச இதழுக்கா?

— தோல்வியையன்று. நடிப்பை.

— நடிப்ப எழுதுவிய. நடிச்சவள எழுத மாட்டிய. இருவத்தி மூணு வருஷமாட்டு பாக்குதேன். பன்னெண்டு நாடகம். திரைச்சீல எந்த மூலையில கிழிஞ்சிருந்ததுன்னு வரைக்கும் எழுதினிய. எனக்கு மட்டும் 'மற்றும் பலர்'.

— குடும்பத்தாரைக் குறித்து விமர்சகன் எழுதலாகாது. புகழ்ந்தால் பொய் என்பார்கள். இகழ்ந்தால்...

— சோறு கிடைக்காது.

— நகைச்சுவை நன்று. எழுது.

— எழுத மாட்டேன். கேட்டியளா, கண்ணு மங்கினதுலேருந்து நீங்க சொல்லச் சொல்ல நானாக்கும் எழுதுதேன். இந்த அவார்டுக்குப் போன படத்துக்கு நாலு பக்கம் சொன்னிய. போனக்காட்டு மலையில மேகம் எறங்குததுக்கு அரைப் பக்கம். தேயிலக் கொழுந்து கிள்ளுத சத்தத்துக்கு ஒரு பத்தி. படம் முழுக்க அந்தக் கொழுந்தக் கிள்ளுதவ யாரு? நான்! எனக்கு 'மற்றும் பலர்'. அதயும் என் கையாலேயே எழுத வச்சிய.

— கையெழுத்து அழகாக இருந்தது.

— சாரமில்ல, போட்டும்னு அதும் பொறுத்தேன். இன்னைக்கு அந்த டி.வி.ப் பொண்ணு ஆர்ஷா உங்க மொகத்துக்கு நேரே கேட்டா, 'அங்கிள், ஆன்ட்டி நடிப்பப் பத்தி ஒரு வாக்கு'ன்னு. நாடே பாத்துட்டிருக்கு. என்ன சொன்னிய?

— 'கருத்துரைத்தல் முறையன்று' என்றேன்.

— கேமராக்காரரு சிரிப்ப அடக்க முடியாம திரும்பிக்கிட்டாரு. மலையாளத்துல படிச்ச மனுஷன் நாப்பது வயசுல மகளுக்கப் பாடபுஸ்தகத்த வச்சுத் தமிழ் படிச்சா இப்படித்தான். பெண்டாட்டிகிட்டயும் பாடம் ஒப்பிப்பாரு.

— ஐந்தாம் வகுப்புப் புத்தகம். தேர்வு எழுதியிருந்தால் மகளை முந்தியிருப்பேன்.

— வெளையாட்டு இல்ல இது. அவார்டு போனா போட்டும். அது அவங்க குடுக்குதது. உங்க வாயிலேருந்து ஒரு வரி. நல்லதோ கெட்டதோ. அதுக்காக்கும் நான் காத்துக் கெடக்குதேன்.

— பேனாவை எடு.

— நில்லுங்க... அய்யோ, இஞ்ச பாருங்க! ஆர்ஷா என் தோளுல குத்தின குட்டி மைக்கு. கழக்கூட்டத்துக்கு ஓடுத ஓட்டத்துல மறந்துட்டா. கழத்தட்டா?

— கழற்றாதே. பழக்கமில்லாத பொருளில் கை வைக்கலாகாது. தேவையுள்ளவர் திரும்பி வருவார். எழுது: அரங்கம், கரமனையில் ஒரு வாடகை வீட்டின் கூடம். முதன்மை வேடம், ரத்னாபாய்.

— என்னது?

— ரத்னாபாய். உன் பெயரை எழுத உனக்குத் தெரியாதா?

— தெரியும். உங்க விமர்சனத்துல எழுதிப் பழக்கமில்ல.

— பழகிக்கொள். 'மூன்று மணி நாற்பத்திரண்டுக்கு வேறொருவர் பெயர் வாசிக்கப்பட்டது. கேமரா இவருடைய முகத்துக்கு ஒரு முழத் தொலைவில் நின்றது. இவர் அழவில்லை. அழுகையை அடக்குபவராகவும் தோன்றவில்லை. இரண்டாவது, முதலாவதைவிட அரிது.'

— ம்.

— 'கருவிகளை மடக்கிய ஒளிப்பதிவாளர் தலை நிமிரவே இல்லை. இவர் அவர் கையில் பாயசக் கிண்ணத்தைக் கொடுத்து, கழக்கூட்டத்தில் வண்டி நிறுத்த இடம் அரிது, பருகிவிட்டு விரைந்து செல்லுங்கள் என்றார். வென்றவர் வீட்டுக்கு இவரே வழியனுப்பி வைத்தார்.'

— நான் எங்க அப்படிச் சொன்னேன்? 'சட்டுனு குடிச்சிட்டு ஓடுங்க, அங்க வண்டி போட எடம் கிட்டாது'ன்னாக்கும் சொன்னேன்.

— உரை செப்பம் செய்யப்பட்டுள்ளது. மேலே எழுது. 'ஆயினும் குறை ஒன்று உண்டு.'

— அதானே பாத்தேன்!

— 'பெயர் முழுவதும் வாசிக்கப்படும் முன்பே இவர் கை தட்டிவிட்டார். அரை நொடி முந்திய கைதட்டல்.' ஏன் முந்தினாய்?

— அதயும் பாத்தியளா? ஆர்ஷாவுக்குப் போன்ல ஏதோ மெசேஜ் வந்துது. வாசிச்ச ஒடனே அவ மொகம் செத்துப்போச்சு. எனக்கு அப்பமே மனசிலாச்சு. என்னை எப்படிப் பாக்கன்னு தெரியாம அவ நடுங்குதா, பாவம். பின்னே நான் என்ன செய்ய? தட்டிட்டேன்.

— அவ்வாறெனில் குறையன்று. அந்த வரியை அடித்துவிடு. 'எதிரில் நிற்பவரின் தடுமாற்றத்தையும் தாமே சுமந்தார்' என்று மாற்று.

— கண்ணு தெரியல்ல, கண்ணு தெரியல்லன்னு சொல்லிட்டு...

— 'இடக்கைப் பெருவிரல் முந்தானை நுனியைச் சுருட்டிக்கொண்டிருந்தது. இருபத்து மூன்று ஆண்டுகளுக்கு முன், முதல் நாடகத்தின் மூன்றாம் காட்சியிலும் அதே விரல் அவ்வாறே சுருட்டியது. ஆறாம் நாடகத்தில் இவர் வெறுங்குடத்தை இடுப்பிலிருந்து இறக்கியபோது, முன்வரிசையில் இருந்தவர் தண்ணீர் தெறிக்குமென்று காலை இழுத்துக்கொண்டார். ஒன்பதாம் நாடகத்தில்...'

— மெல்லச் சொல்லுங்க. இப்பம் எனக்காக்கும் எழுத்து கலங்குதது.

— 'விமர்சகர் பன்னிரண்டு நாடகங்களிலும் இவர் ஒருவரையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறரைப் பற்றி எழுதியவை யாவும், வீடு திரும்பும் பேருந்தில் இவரிடமே கேட்டு அறிந்தவை.'

— எனக்க அம்மோ! அதுக்காகவா பஸ்ஸுல துருவித் துருவிக் கேட்டிய? 'ராஜா வேடக்காரர் குரல் எப்படி, திரைச்சீலை எங்கே கிழிந்தது'ன்னு? நான் நெனச்சேன், நான் கவனிச்சேனான்னு பரீட்ச வைக்குதியன்னு!

— தேர்வு எழுதியவன் நான்.

— செரி. அந்தப் புருஷன் வேசம் கெட்டினவரு? கறுப்புக் கண்ணாடியும் போட்டு சோபாவுல இருந்தாரே. அவரப் பத்தி என்ன எழுதட்டும்?

— 'மற்றும் பலர்.'

— போங்க அந்தால!

— ஆன்ட்டி! சத்தியதாஸ் அங்கிள்! ஆர்ஷாவாணு. சாரி, மைக் மறந்து போச்சு. தம்பானூர் வந்து எத்தினப்பத்தான் மைக் இல்லன்னு கண்டேன். வண்டிய கழக்கூட்டத்துக்கு விட்டுட்டு நான் ஆட்டோல ஓடி வந்தேன்.

— வா மக்களே, மூச்சு வாங்காத. இந்தா இருக்கு. நான் தொடவேயில்ல.

— தாங்க்ஸ் ஆன்ட்டி. ஐயோ, இது ஆஃப் ஆகலியே! இதுக்குள்ளேயே ரெக்கார்டு ஆகும் ஆன்ட்டி. மூணு மணி தொட்டு எல்லாம் இதுல கிடக்கு.

— எல்லாம்னா? நாங்க இப்பம் பேசினதுமா?

— ஆமா. ஒரு வாக்கு விடாம.

— அழிச்சிரு. என் பொன்னு மக்களல்லா, இப்பமே அழிச்சிரு. இவரு எனக்கு மட்டுமாட்டுச் சொன்னதாக்கும். இருவத்தி மூணு வருஷம் காத்துவச்ச முறை. நாலு பேரு கேட்டு, 'பாரு, பெண்டாட்டியப் புகழுதாரு'ன்னு சிரிச்சா இவருக்குத் தாங்காது. எனக்கு இந்த நோட்டுல இருக்கு, அது போரும்.

— அங்கிள்? டிலீட் செய்யட்டா?

— செய்யாதே, ஆர்ஷா. நீ கேட்ட கேள்விக்கு விடை அதில்தான் இருக்கிறது. ரத்னாவின் தோளில் மைக்கின் பச்சை விளக்கு எரிவதைக் கண்ட பிறகே நான் இன்றைய தேதியைச் சொல்லத் தொடங்கினேன். எழுதிக்கொள், ரத்னா: நிகழ்ச்சி நிறைவுற்ற நேரம், மாலை நான்கு மணி பதினெட்டு நிமிடம்.