ருவைஸ் பிள்ளைகளுக்கு ஒரு பருவம் கேட்டவர்

எல்லா உயிர்க்குள்ளும் மூச்சாக நின்று, அதைத் திரும்ப வாங்கிக்கொள்ளும் நாளை மட்டும் எவரிடமும் சொல்லாத இறைவா, உன் திருவடியை வணங்கித் தொடங்குகிறேன். இன்று என் நாவில் நீ நில். நான் சொல்ல விரும்புவதை மட்டுமல்ல, சொல்லக் கூசுவதையும் சொல்ல வை.

மேடையில் வீற்றிருக்கும் எண்ணெய் ஆலை ஊராம் இந்த ருவைஸின் பள்ளி முதல்வர் திருமதி ஜெயலட்சுமி அம்மையார் அவர்களே, அபுதாபியிலிருந்தும் ஷார்ஜாவிலிருந்தும் நெடுவழி வந்திருக்கும் பள்ளிகளின் பிரதிநிதிகளே, ஆசிரியப் பெருமக்களே, பெற்றோர்களே, டூட்டி முடிந்து கேம்ப்புக்கும் போகாமல் நேரே வந்து பின்வரிசையில் நிற்கும் தொழிலாளத் தோழர்களே, மாணவச் செல்வங்களே, அனைவருக்கும் என் வணக்கம்.

என் பெயர் சிவசங்கரன், அபுதாபியில் தமிழாசிரியன். அமீரகத்து இந்தியப் பள்ளிகள் சேர்ந்து நடத்தும் கால்பந்துக் குழுவுக்குப் பதினோரு ஆண்டுகளாகத் தலைவன். உங்கள் உடற்கல்வி ஆசிரியர் திரு. மணிமாறன் அவர்கள் அந்தக் குழுவில் ருவைஸ் பள்ளியின் பிரதிநிதி. சென்ற வாரத் திங்கட்கிழமை காலை பள்ளிக்குக் கிளம்பியவர், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். ஆம்புலன்ஸ் வந்து சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. வயது நாற்பத்தாறு. அவர் உடல் நேற்றுத் திருச்சி போய்ச் சேர்ந்தது. துணைவியார் சந்திரகலாவும் உடன் போயிருக்கிறார்.

இறந்தவரை நினைத்து அமைதி கொள்க என்று பெரியோர் சொல்வார்கள். நானும் எத்தனையோ இரங்கல் கூட்டங்களில் அதைச் சொல்லியிருக்கிறேன். இன்று எனக்கு அமைதி இல்லை. இருக்கவும் கூடாது. ஏன் என்பதைச் சொல்லத்தான் இருநூற்று நாற்பது கிலோமீட்டர் வந்திருக்கிறேன்.

மணிமாறன் எங்களிடம் என்ன கேட்டார்? கோப்பையைக் கேட்டாரா? பதவியைக் கேட்டாரா? தம் பிள்ளைகள் விளையாட ஒரு பருவத்தைக் கேட்டார்.

நம் போட்டி எப்படி நடக்கிறது என்பது பெற்றோர் பலருக்குத் தெரியாது. மே மாதக் கடைசியில், ஒன்பதே நாளில், அபுதாபியில், பதினைந்து பள்ளிகளும் மோதுகின்றன. ஓர் ஆட்டம் தோற்றால் வெளியே. ஒன்பதாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை எண்ணூறு பையன்கள் படிக்கும் பள்ளியும் அதில் உண்டு. நாற்பத்து மூன்றே பையன்கள் படிக்கும் ருவைஸும் உண்டு. சீட்டுக் குலுக்கி எடுத்தால் எவரோடு எவர் என்று விழுகிறதோ, அதுவே விதி.

நம் முன்னோர் போருக்கே அறம் வகுத்தவர்கள். தேரோடு தேர் பொருதட்டும், காலாளோடு காலாள் பொருதட்டும் என்றார்கள். நிலத்துக்குப் பொழுது வகுத்தவர்களும் அவர்களே. பாலைக்கு எது பொழுது? வேனிலும் நண்பகலும். காதலர் பிரியும் துயரத்துக்கு வகுத்த பொழுது அது. அந்த நிலத்தில், அந்தப் பருவத்தில், அந்த வேளைக்குச் சற்றே தள்ளி, மாலை மூன்றரை மணிக்கு நாம் பிள்ளைகளைப் பந்தின் பின்னால் ஓடவிட்டோம். இலக்கியம் கற்ற நான்தான் அந்த அட்டவணையில் கையெழுத்திட்டேன்.

மணிமாறன் அதை மாற்றச் சொன்னார். போட்டி நவம்பரில் தொடங்கட்டும், வாரத்துக்கு ஓர் ஆட்டம் என்று பத்து வாரம் நடக்கட்டும், சனிக்கிழமைகளில் மட்டும் நடக்கட்டும் என்றார். மேல்வகுப்புகளில் எத்தனை பையன்கள் இருக்கிறார்கள் என்று பார்த்துப் பள்ளிகளை மூன்று பிரிவாக வகுக்கச் சொன்னார். ஒவ்வொரு பிரிவிலும் எல்லோரும் எல்லோரோடும் விளையாடிய பிறகே, முதல் நான்கு அணிகளுக்கு வெளியேற்றச் சுற்று என்றார். இதை முதன்முதல் கேட்டபோது குழுவில் சிரித்தார்கள். "மணிமாறன் சார், நாம பள்ளிக்கூடம் நடத்துறோமா, உலகக் கோப்பை நடத்துறோமா?" என்றார் ஒருவர். இவரும் சிரித்துக்கொண்டே, "உலகக் கோப்பையிலகூட மூணு மேட்ச் ஆடவிட்டுத்தான் சார் அனுப்புறாங்க" என்றார். நாங்கள் பேச்சை மாற்றினோம்.

இரண்டு ஆண்டுகளுக்கு முன், சரி, சோதனையாக ஒரு சிறு போட்டி நடத்திப் பாருங்கள் என்று அனுமதித்தோம். அந்தச் சோதனையில் மணிமாறன் ஒரு பிழை செய்தார். மறைந்தவரின் பிழையை இங்கே பேசலாமா என்று கேட்பீர்கள். அவரைப் போற்ற அதைவிடச் சிறந்தது என்னிடம் இல்லை.

ஏப்ரல் மாதத்து வருகைப் பதிவேட்டை வைத்து அவர் பள்ளிகளை வகுத்தார். இந்த மண்ணில் ஏப்ரலில் இருக்கிற பையன் செப்டம்பரில் இருப்பதில்லை. ஜூனில் விடுமுறைக்கு ஊருக்குப் போகிறான், பதினொன்றாம் வகுப்பை அங்கேயே படிக்கட்டும் என்று தகப்பன் டி.சி. வாங்கிவிடுகிறார். ஷார்ஜாவில் ஒரு சிறு பள்ளி, பதிவேட்டில் பெரிதாகத் தெரிந்ததால் பெரிய பிரிவில் விழுந்தது. பன்னிரண்டுக்குப் பூச்சியம் என்று தோற்றது. கோல்காப்பாளன் ஒன்பதாம் வகுப்புப் பையன். அவன் தகப்பனார், தையற்கடை வைத்திருக்கும் சதக்கத்துல்லா அவர்கள், மைதானத்துக்குள்ளேயே வந்துவிட்டார்.

"என்னா சார் கணக்கு இது? எங்க புள்ளைகள விளையாடக் கூப்புட்டீங்களா, குர்பானி குடுக்கக் கூப்புட்டீங்களா?"

நான் பக்கத்தில் நின்றேன். குழுவின் மானத்தைக் காக்க ஏதாவது சொல்லலாம் என்று வாயெடுத்தேன். மணிமாறன் முந்திக்கொண்டார்.

"தப்பு என்னோடதுதாண்ணே. ஏப்ரல்ல தலைய எண்ணிட்டேன். எத்தன பேரு டி.சி. வாங்கிட்டு ஊருக்குப் போனான்னு பாக்கல."

"அப்ப செப்டம்பர்ல எண்ணுங்க. பள்ளிக்கூடம் தொறந்து ரெண்டு வாரம் கழிச்சு எண்ணுங்க. துணிய அளக்குறதுக்கு முந்தியே வெட்டுற டெய்லர் உண்டா?"

சதக்கத்துல்லா அவர்கள் இன்று இந்த அவையில், மூன்றாம் வரிசையில் இருக்கிறார். மணிமாறன் பிறகு குழுவுக்கு எழுதிக் கொடுத்த தீர்மானத்தில் 'செப்டம்பர் பதினைந்தாம் நாள் இருப்பின்படி' என்று வரும் வரி, ஐயா, உங்களுடையது. மணிமாறன் அதோடு நிற்கவில்லை. மறுவாரம் ஷார்ஜா போய், அந்தப் பள்ளியின் காலைக் கூட்டத்தில் பிள்ளைகள் முன்னால் நின்று, "நீங்க தோக்கல. நான் தப்பா எண்ணினேன்" என்று சொல்லிவிட்டு வந்தார். அதன் பிறகு செப்டம்பர் தோறும் ஒவ்வொரு பள்ளிக்கும் நேரில் போய் வகுப்பு வாசலில் நின்று எண்ணினார். போன ஆண்டு வார விடுமுறை வெள்ளி, சனி என்று மாறியதும் எல்லோரும் கடைவீதிக்குப் போனோம். இவர் சனிக்கிழமை திறந்திருக்கும் பள்ளி எது என்று தேடிப் போனார்.

இனி என் பிழைக்கு வருகிறேன்.

இந்த மார்ச்சில் தீர்மானம் வாக்குக்கு வந்தது. ஏழு பள்ளிகள் ஆதரவு, ஏழு பள்ளிகள் எதிர்ப்பு. சமனானால் தலைவர் வாக்களிக்க வேண்டும். பரீட்சை நெருங்கும் காலத்தில் பத்து வாரம் பந்தா என்று நான் எதிர்த்து வாக்களித்தேன். ஒன்பது பள்ளி நாள்களை மே மாதத்தில் அப்படியே விழுங்கும் போட்டியைவிட, பத்துச் சனிக்கிழமைகள் படிப்பைக் கெடுக்காது என்று அவர் எழுதிக் கொடுத்திருந்தார். அந்தத் தாளை நான் படித்தும் இருந்தேன். ஆயினும் பழையது நிலைக்கட்டும் என்றேன். வயதானவர்களுக்கு அது ஒரு சுகம்.

கூட்டம் முடிந்து கார் நிறுத்துமிடத்தில் அவர் என்னிடம் வந்தார். "ஐயா, எனக்குக் கோவமெல்லாம் இல்ல. ஒண்ணே ஒண்ணு. மே மாசம் எங்க மேட்ச்சுக்கு வாங்க. பெரிய மனுசங்க பந்தல்ல உக்காராதீங்க. எங்க பெஞ்சில உக்காருங்க."

போனேன். நாற்பத்து மூன்று டிகிரி. ருவைஸ் பெஞ்சில் மாற்று ஆட்டக்காரர் இருவர். எதிர்ப் பெஞ்சில் பதினொருவர். மணிமாறன் ஐஸ் பெட்டியில் துண்டுகளை நனைத்து நனைத்துப் பிள்ளைகளின் கழுத்தில் போட்டுக்கொண்டே இருந்தார். ஏழுக்குப் பூச்சியம். ஆட்டம் முடிந்ததும் அணித்தலைவன் அன்பரசன் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான்.

"அவ்ளோதானா சார்? கலாஸ்?"

நான் பெரியவன் அல்லவா, ஆறுதல் சொன்னேன். "அடுத்த வருடம் இருக்கிறதே, தம்பி."

"நான் ட்வெல்த் சார். நாலு வருஷத்துல இது என் நாலாவது மேட்ச்."

நான்கு ஆண்டுகள் தினமும் பயிற்சி. நான்கு முறை விடியற்காலையில் பஸ். மொத்தம் நான்கு ஆட்டம். நாலும் தோல்வி. அன்றே எனக்குத் தெரிந்துவிட்டது, நான் வாக்கைத் தவறாகப் போட்டேன் என்று. தெரிந்த பிறகு என்ன செய்தேன்? சிறப்புக் கூட்டம் கூட்டியிருக்கலாம். அக்டோபர்க் கூட்டம் வரட்டும் என்றேன். மணிமாறன் திரும்பவும் தீர்மானத்தை அனுப்பினார். பார்க்கலாம் என்று பதில் எழுதினேன். 'நான் உங்கள் பக்கம்' என்ற மூன்று சொல்லை எழுத என் பேனாவுக்கு ஐந்து மாதம் போதவில்லை.

ஊருக்குப் புறப்படும் முன் சந்திரகலா அம்மையாரைப் பார்த்தேன். அவர் என்னைக் குறை சொல்லவில்லை. "உங்களப் பத்தித் தப்பா ஒரு வார்த்த பேச மாட்டார் ஐயா. பெரியவர் கேப்பாரு, கொஞ்சம் நேரமாகும்னு சொல்லுவார்" என்றார். பிறகு கேட்டார்: "எவ்வளவு நேரமாகும் ஐயா?"

அந்தக் கேள்வியோடுதான் நான்கு நாளாக உறங்கி எழுகிறேன்.

குழு வரும் வெள்ளிக்கிழமை கூடுகிறது. நேற்று நம் செயலாளர் ஸ்ரீகாந்த் தொலைபேசியில் பேசினார். நல்லவர், தயங்கித் தயங்கித்தான் சொன்னார். "சார், சொல்லவே கஷ்டமா இருக்கு. மூவ் பண்ணவர் இல்லன்னா தீர்மானம் லேப்ஸ். ரூல் அப்படித்தான் இருக்கு."

அந்த விதியை எழுதியவன் நான். தீர்மானத்தைக் கொடுத்துவிட்டு லீவில் ஊருக்குப் பறந்துவிடும் உறுப்பினர்களைக் கட்டிப்போட, ஒன்பது ஆண்டுகளுக்கு முன் எழுதினேன். முன்மொழிந்தவர் அவையில் இல்லையென்றால் தீர்மானம் காலாவதி. திரும்பி வரமுடியாத பயணம் போகிறவர்களை அன்று நான் நினைக்கவில்லை.

இந்தத் தீர்மானம் செத்தால் என்ன ஆகும்? ஜெயலட்சுமி அம்மையார் எங்களுக்கு எழுத்தில் தெரிவித்துவிட்டார். மே மாத வெயிலுக்கு இனி பிள்ளைகளை அனுப்ப மாட்டார், ருவைஸ் பள்ளியில் கால்பந்து இந்த ஆண்டோடு நிற்கும். அம்மையாரை நான் குறை சொல்லமாட்டேன். ஒரு தாய் அப்படித்தான் முடிவெடுப்பாள்.

பின்வரிசையில் நிற்கும் பழனிச்சாமி அவர்களைக் கேளுங்கள். ஆலையில் பைப் ஃபிட்டர், புதுக்கோட்டைக்காரர். கூட்டம் தொடங்குமுன் என்னிடம் சொன்னார்: "புதுத் திட்டம் வந்தா ருவைஸ்லயே மேட்ச் நடக்கும்னு பி.டி. சார் சொன்னாரு. நாங்க கேம்ப்ல இருபது பேரு சேந்து கிரவுண்டக் கூட்டி, கல்லப் பொறுக்கி, கோடு போட்டு வெச்சிருக்கோம். எனக்குப் பந்தும் தெரியாது, கோலும் தெரியாதுங்க. கோடு நேராப் போடத் தெரியும்." தம் பிள்ளைகளை இரண்டாண்டுக்கு ஒருமுறை பார்க்கும் மனிதர்கள், பிறர் பிள்ளைகள் ஓடுவதற்காக வெள்ளிக்கிழமைகளில் கல் பொறுக்கியிருக்கிறார்கள். அவர்களிடம் போய், விதி இடம் தரவில்லை என்று யார் சொல்வது? நானா?

அன்பர்களே, புதிய தீர்மானம் கொடுக்க நாளையே கடைசி நாள். தலைவர் தீர்மானம் கொண்டுவர முடியாது. அதுவும் விதி. ஆகவே, இங்கே வருமுன் என் பதவி விலகல் கடிதத்தை ஸ்ரீகாந்திடம் கொடுத்துவிட்டேன். குழுவில் நான் வேலை பார்க்கும் பள்ளிக்கு ஓர் இருக்கை உண்டு. நான் தலைவனாக இருந்ததால் பதினோரு ஆண்டுகள் அது காலியாகவே கிடந்தது. நாளைக் காலை அந்த இருக்கையின் உரிமையில், மணிமாறன் எழுதியதை எழுதியபடியே, ஒரு சொல் மாற்றாமல், என் கையெழுத்தில் தருகிறேன்.

மணிமாறன் இருக்கைக்கு ஜெயலட்சுமி அம்மையார் அனுப்பும் புதியவரோடு என் வாக்கும் சேர்ந்தால் எட்டு. எதிரே ஏழு. கணக்குப்படி அது போதும். எனக்குப் போதாது. ஒரு வாக்கில் வென்ற சட்டத்தை ஒரு வாக்கு அடுத்த ஆண்டே கவிழ்த்துவிடும். எதிர்த்து வாக்களித்த ஏழு பள்ளிகளில் நான்கின் பிரதிநிதிகள் இங்கே அமர்ந்திருக்கிறீர்கள். உங்களைக் கை தூக்கச் சொல்லமாட்டேன். கண்ணீர் ஈரத்தில் எடுக்கும் உறுதிமொழி வெயில் ஏறினால் காய்ந்துவிடும். வீட்டுக்குப் போங்கள். உங்கள் பள்ளியில் பன்னிரண்டாம் வகுப்புப் பையன் ஒருவனைக் கூப்பிட்டு, நீ இதுவரை எத்தனை ஆட்டம் ஆடினாய் என்று கேளுங்கள். அவன் சொல்லும் எண்ணோடு வெள்ளிக்கிழமை வாருங்கள்.

மணிமாறன் அவர்களே, எவ்வளவு நேரமாகும் என்று உங்கள் இல்லத்தரசி கேட்டார். மூன்று நாள் என்று அவருக்குச் சொல்லி அனுப்பியிருக்கிறேன். கற்றவன் கொடுத்த வாக்கு. தவறினால் என் கல்வி என்னைப் பழிக்கட்டும்.

இங்கு கூடியிருக்கும் உங்கள் அனைவர் இல்லத்திலும் விளக்கு அணையாதிருக்கட்டும். இங்கே இருப்போரும் கடலுக்கு அப்பால் காத்திருப்போரும் நோயின்றி வாழட்டும். போனவர் குறைவின்றித் திரும்பட்டும். உங்கள் பிள்ளைகள் தமக்கு நிகரானவரோடு பொருது, இதமான வெயிலில், வியர்க்க வியர்க்க விளையாடி, பசியோடு வீடு வந்து சேரட்டும். இறைவன் துணை நிற்பானாக.