வரதன் கல்லில் ஒரு பேர்

— துப்பாக்கிய எட்த்துடு தினேசு.

— ஏனுங்ம்மா? மிலிட்டரிக்காரருக்குத் துப்பாக்கி இல்லாம எப்படிங்? கல்லுல வெட்டறதுக்குப் படுத்துட்டுச் சுடற மாதிரி இன்னொரு படமும் கம்ப்யூட்டர்ல இருக்குது, காட்டட்டுங்களா?

— எம் புள்ள லாரி ஓட்டுனான். லாரிப் படம் எதுனா கீதா? அத்தக் காட்டு.

— ஆமா தம்பி, ஆர்மில அவரு டிரைவரு. கார்கில் சண்டையப்போ குண்டு, மண்ணெண்ணெ, கோதும மாவெல்லாம் மலைக்குக் கொண்டுபோற வண்டி. அத்தே சொல்றாப்ல லாரியே போட்டுடுங்க.

— தண்ணி லாரிதானுங் இருக்குது. டாங்கியத் தூக்கிட்டு, தார்ப்பாய் மாட்டி விட்டர்றேன்.

— மாட்டு மாட்டு. மொதமொதல்ல அவன் கிளீனரா ஏறுனதே தண்ணி லாரிலதான். பூந்தமல்லில ஊடு ஊடா தண்ணி ஊத்திகினு இருந்தான்.

— அதுக்கு முன்னாடி டிராக்டரு, அத்தே.

— அய்ய, அத்த ஏன் கேக்கற. தோ பாரு தினேசு, திருமழிசைல எங்களுக்கு நெலம் இருந்திச்சி. இப்ப அங்க கம்பெனி கீது. வரதனோட அப்பா ஆசையா ஒரு டிராக்டரு வாங்குனாரு. மீச மொளைக்காத வயசுல இவன் அத்த எட்த்துகினு போயி செம்பரம்பாக்கம் ஏரில எறக்கிட்டான். மாடு கட்டித்தான் வெளிய இழுத்தாங்க. அவரு கழிய எட்த்துகினு தொரத்தறாரு, இவன் ஓடிகினே சொல்றான், அப்பா, ரிவர்ஸ் மட்டும்தான் கத்துக்க பாக்கின்னு.

— நல்லாருக்குதுங். ஆனா அதெல்லாம் கல்லுல வராதுங்ம்மா. பஸ் ஸ்டாப்பு நெழற்கொட செவுத்துல பதிக்கற கல்லு, எடம் கம்மி. வெட்டிட்டா அழிக்கவும் முடியாது. வேலைய மட்டும் சொல்லுங்.

— ஆவடில மிலிட்டரிக்கு ஆள் எடுக்கறாங்கன்னு தெரிஞ்சிகினு, எங்கிட்ட சினிமாவுக்குப் போறேன்னு சொல்ட்டுப் போனான். சாயங்காலம் காலு பூரா கொப்புளத்தோட வந்து நிக்கறான். இன்னாடா படம்னேன். ஒரே ஓட்டம்மா, பாட்டே கெடயாதுன்னான்.

— அத்தே, தம்பி எழுதணும் இல்ல. பெங்களூர்ல டிரெய்னிங் போட்டுக்குங்க. அப்பறம் பதான்கோட், தேஜ்பூரு, கடைசியா காஷ்மீரு. தொண்ணூத்தொம்பது ஜூன் மாசம். திராஸ் போற ரோட்டுல, ராத்திரி லைட்டு போடாம ஓட்டிட்டுப் போறப்போ மேலேர்ந்து குண்டு போட்டாங்க.

— போட்டுட்டேனுங். இனிக் குடும்பம். தகப்பனார் முனிரத்தினம், தாயார் பொன்னியம்மா. கூடப் பொறந்தவங்க இல்லைனீங்க. சம்சாரம்?

— தோ ஒக்காந்துகினு கீறாளே, நாகவல்லி.

— இவுங்களா? வெளிய பைக் மேல ஒக்காந்திருக்கறவரு இவுங்க வீட்டுக்காரருன்னு சொன்னீங்களே?

— அது இப்பத்தி ஊட்டுக்காரரு. ஜானகிராமன். கட்டி வச்சதே நாந்தான். கல்யாணப் பத்திரிகைல பொண்ணுக்கு அம்மான்னு எம் பேருதான் போட்டிருந்திச்சி.

— ஏங் அக்கா, அம்மா வெளையாடறாங்களா?

— இல்ல தம்பி, நெசந்தான். அவருக்கும் எனக்கும் கல்யாணம் ஆகி ஒரே ஒரு லீவு. அடுத்த லீவுக்கு அவரு வரல. அகல்யா அப்பாதான் அவரு ஒடம்பு வச்ச பொட்டியோட கூட வந்தாரு.

— அகல்யா இவளுக்கும் ஜானகிக்கும் பொறந்த பொண்ணு. இவ புருசன் பேர வாயால சொல்ல மாட்டா, நாந்தான் சொல்லணும். ஜானகியும் வரதனும் ஒரே யூனிட்டு, ஒரே தட்டுல துன்ன பசங்க. ஜானகி குடியாத்தம் பக்கம். ஆனா எம் புள்ள போனப்பறம் லீவு வுட்டா மொதல்ல எங்கூட்டுக்குத்தான் வருவான். கெணறு தூரு வாருவான், ஓடு மாத்துவான். வந்தா ஒரு எடத்துல ஒக்கார மாட்டான். ஒரு நாளு கேட்டேன், எம் பொண்ணு நாகுவக் கட்டிக்கிறியாடான்னு. வாசப்படிலயே ஒக்காந்து அழுவுறான்.

— எனக்கு யாருங்க அந்த மாதிரி கேக்கப் போறாங்க. செரி, மனைவி நாகவல்லின்னு வெட்டிரட்டுங்களா?

— வெட்டு. அதுக்குக் கீழ, சகோதரன் ஜானகிராமன்.

— எம் பேரு போடுங்க, அத்தே. அகல்யா அப்பா பேரு வேணாம்.

— ஏன் வேணாம்?

— எடம் கம்மின்றாரு இல்ல.

— தினேசு, எடம் இல்லியா?

— எழுத்தக் கொஞ்சம் சிறுசு பண்ணா வந்துருங்.

— பாத்தியா. வந்துரும்றாரு.

— ஊரு சிரிக்கும், அத்தே. மனைவின்னு எம் பேரு, அதுக்குக் கீழயே எனக்கு இப்ப புருசனா இருக்கறவரு பேரு. பஸ்ஸுக்கு நிக்கறவங்கல்லாம் படிச்சிட்டு நம்ம கதையப் பேசிக்கிட்டு நிப்பாங்க.

— பேசட்டுமே. எங்க ஸ்டாப்புல என்னிக்கி பஸ்ஸு நேரத்துக்கு வந்திச்சி? நிக்கறவன் எத்தையாவது பேசணும் இல்ல.

— அவரு கூடப் பொறந்தவரு இல்லியே. பொய்யக் கல்லுல வெட்டறதா?

— எம் புருசனுக்குக் கொள்ளி வச்சது யாரு?

— அத்தே, புரிஞ்சிக்கோங்க.

— யாருன்னு கேட்டேன்.

— அகல்யா அப்பாதான்.

— எனக்குக் கண்ணு ஆப்பரேசன் பண்ணப்போ ஆஸ்பத்திரில தரையில படுத்துகினு இருந்தது யாரு? நாளைக்கி எனக்கு ஒண்ணுன்னா கொள்ளிச் சட்டி தூக்கப் போறது யாரு? அப்ப அவன் எம் புள்ளைக்கி இன்னா மொற ஆவுறான்? நீயே சொல்லு, அதயே வெட்டிக்கலாம்.

— அவரே வேணாம்னுட்டாரு, அத்தே. நேத்து கை எடுத்துக் கும்பிட்டாரு. எம் பேரு அந்தக் கல்லுல ஏறுனா அந்த ரோட்டுலயே நான் நடக்க மாட்டேன்னாரு. இப்பக்கூட பாருங்க, உள்ள வந்தாரா?

— அதான் ஏன்னு கேக்கறேன். எங்கிட்ட இன்னா கோவம் அவனுக்கு?

— கோவமெல்லாம் இல்ல. தம்பி, டீ சொல்லிட்டு வர்றீங்களா?

— சொல்றேனுங். வெளிய இருக்கறவருக்கும் சேத்துச் சொல்லிர்றேன். நான் ஃபோன் பேசிட்டு மெதுவா வர்றேன், நீங்க பேசுங்க.

— நல்ல புள்ள. ஈரோட்டுக்காரன் போலகீது, மரியாத ஜாஸ்தி. ம், சொல்லு நாகு.

— நீங்க அவர வெறுத்துடக் கூடாது, அத்தே. என்னையும்.

— உன்ன வெறுத்துட்டு நான் யாராண்ட சண்ட போடறது? சொல்லு.

— அன்னிக்கு உங்க புள்ள ஓட்டுன வண்டி, அது அகல்யா அப்பா வண்டி. டியூட்டி இவருக்குத்தான் போட்டிருந்தாங்க. இவரு காய்ச்சல்ல எழுந்துக்க முடியாம கெடந்திருக்காரு. நீ படு, உனக்குப் பதிலு நான் ஓட்டறேன்னு சொல்லிட்டு அவரு ஏறிப் போயிட்டாரு.

— இத்த உங்கிட்ட எப்பச் சொன்னான்?

— அகல்யா பொறந்த அன்னிக்குத்தான் எங்கிட்டயே சொன்னாரு. கொழந்தையக் கையில வாங்கவே மாட்டேன்னுட்டாரு. இது வரதனுக்குப் பொறக்க வேண்டிய கொழந்தன்றாரு. நான் சொல்லிச் சொல்லித்தான் தேத்துனேன். இத்தன வருசமா உங்க கையால சோறு வாங்கித் துன்றாரே, ஒவ்வொரு தபாவும் மனசுக்குள்ள அதான். அம்மாவுக்குத் தெரிஞ்சா தட்டப் புடுங்கிடுவாங்கன்னுவாரு. அந்தக் கல்லுல சகோதரன்னு எப்படி அத்தே அவரு பேரப் படிப்பாரு? அவருக்குப் பதிலு போன ஆளோட கல்லு அது. திட்டணும்னா திட்டிடுங்க, அத்தே.

— அழுவாத. முந்தானைல மூஞ்சத் தொட. அவன் டீய எட்த்துகினு வந்துறப் போறான்.

— திட்ட மாட்டீங்களா?

— அன்னிக்குக் காலைல வரதன் ஸ்ரீநகர்லேந்து எதுத்த கடைக்கு ஃபோன் பண்ணான். உனக்கு நெனப்பு கீதா?

— இல்லாம? நான் கெணத்தாண்ட துணி தொவச்சிட்டிருந்தேன். ஓடி வர்றதுக்குள்ள கட் ஆயிடுச்சி. நல்லாகீறேன்னு சொன்னாருன்னீங்க.

— அத்த மட்டுமா சொன்னான்? ஜானகிக்கு ஒடம்பு கொதிக்குதும்மா, அவன் வண்டிய இன்னிக்கு நான் எட்த்துகினு போறேன்னான்.

— அத்தே...

— சரிடா, பாத்துப் போன்னேன். வச்சிட்டான்.

— அப்போலேர்ந்தே தெரியுமா? ஏன் ஒரு வார்த்த கேக்கல அவர?

— கேட்டா, கணக்குக் கேக்கறேன்னு நெனப்பான். அவனா வந்து சொல்லுவான், அன்னிக்கி மடில போட்டுக்கலாம்னு காத்துகினு கீறேன். வயசுதான் ஏறுது, அவன் வாயத் தொறக்கல.

— எல்லாம் தெரிஞ்சுமா என்னக் கொண்டுபோயி அவருக்குக் கட்டி வச்சீங்க?

— பொட்டியோட அவன் வாசல்ல வந்து நின்னப்போ, பொட்டியத் தொடறதுக்கு முன்னாடி அவன் நெத்தியத்தான்டி தொட்டுப் பாத்தேன், காய்ச்சலு வுட்டுச்சான்னு.