எந்த நேரத்திலும் விலகிக்கொள்ளலாம்

"அப்படி நான் சொல்லவே இல்ல டீச்சரம்மா, நீங்களா எழுதிக்கிட்டு—"

"சொன்னீங்க பென்கா, நான் மூணாவது தடவை வந்தப்ப. உங்க குரலே எங்கிட்ட இருக்கு—"

"குரல் இருந்தா இருந்துட்டுப் போகுது, அந்தப் பக்கத்தக் கிழிச்சுப் போடுங்க—"

"ஒரு பக்கமா அது? கொஞ்சம் நான் சொல்றதயும் கேளுங்களேன்—"

இப்படித்தான் தொடங்கியது. அன்றைக்குக் காப்பி நன்றாக இருந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன். நிதானமாகவே எழுதிக்கொள்ளுங்கள், ஐயா. பிறர் பேச்சை எழுத்தில் இறக்குகிறவருக்கு அவசரம் ஆகாது. இதைத்தான் இருபத்தாறு வருடமாக முதலாண்டுப் பிள்ளைகளுக்குச் சொல்லித் தருகிறேன்.

உளவியலில் பண்புசார் ஆய்வு முறைகள் என் பாடம். மனிதர் சொல்வதை எண்ணாக்காமல் சொல்லாகவே வைத்துப் படிப்பது. அதற்கு ஓர் அறிமுக நூல் எழுதினேன். ஒன்பது வருட வேலை. எப்படிக் கேட்பது, எப்போது வாயை மூடிக்கொள்வது, கேட்டதை எப்படிப் பகுப்பது என்று எல்லா அத்தியாயத்துக்கும் உதாரணம் பென்காவின் பேச்சுதான். பெயரை மாற்றியிருந்தேன்.

பென்கா, பெர்னிக் சுரங்கத்தில் நிலக்கரி பொறுக்கும் வேலையில் இருந்து ஓய்வு பெற்றவள். செத்துப்போன புருஷன் ஸ்தாமென் அவளைப் போட்டு அடிப்பான், எரிகிற அடுப்பில் கையை வைத்து அழுத்துவான். மகள் நெவெனா வளர்ந்ததும் அடி அவளுக்கும் போனது. மூன்றாவது சந்திப்பில் பென்கா ஒன்று சொன்னாள். மகளை அவன் அடிக்கும்போது இவள் வெளியே நின்று, கதவின் கைப்பிடியை இரண்டு கையாலும் இழுத்துப் பிடித்துக்கொள்வாளாம், பெண் தப்பி வந்துவிடாதபடி. பெண் வெளியே வந்துவிட்டால் அவன் கை தன் பக்கம் திரும்பும் என்ற பயம்.

இப்படி ஒன்று என் துறையில் எல்லோருக்கும் கிடைத்துவிடாது. அன்று பஸ்ஸில் திரும்பும்போது ஏதோ பாட்டை முணுமுணுத்தபடி வந்தேன்.

அச்சுக்குப் போகுமுன் எழுதியதைச் சொன்னவரிடமே காட்டி, சரிதானா என்று கேட்பது எங்கள் வழக்கம். பலர் இதைச் செய்வதில்லை. நான் செய்தேன். அதற்காகத்தான் அன்று அவள் வீட்டுக்குப் போனேன்.

"ஞாயித்துக்கிழம நெவெனா வர்றா," என்றாள் பென்கா. "பத்தொம்பது வருஷம் கழிச்சு. அந்தக் கதவு தானா இறுகிப் போச்சுன்னுதான் இன்னிக்கு வரைக்கும் நெனச்சிட்டிருக்கா."

"உங்க பேரு எங்கயுமே இல்லையே."

"அவ வியன்னாவுல அடிபட்ட பொம்பளைங்களுக்கு உதவுற ஆபீஸ்ல இருக்கா. உங்க புத்தகத்த அவ படிக்காம வேற எந்தக் கிறுக்கி படிப்பா?"

மகளை மகனாக மாற்றுகிறேன் என்றேன். ஊரை மாற்றுகிறேன் என்றேன்.

"பொண்ணப் பையனாக்குங்க, என்னய மகாராணியாக்குங்க. அடி வாங்குனவளுக்குத் தெரியாதா?"

பிறகு மேசை இழுப்பறையிலிருந்து நான் கொடுத்த ஒப்புதல் படிவத்தை எடுத்தாள். கண்ணாடியை மாட்டிக்கொண்டு, செய்தி வாசிப்பவள்போல் உரக்கப் படித்தாள். "'எந்த நேரத்திலும், காரணம் எதுவும் சொல்லாமல் விலகிக்கொள்ளலாம்.' நல்லாத்தான் எழுதியிருக்கீங்க டீச்சரம்மா. நான் விலகிக்கிட்டேன், போங்க."

அவளுக்கு அந்த உரிமை உண்டு. இதைக் குறித்துக்கொள்ளுங்கள். அவள் பக்கம் ஒரு குறையும் இல்லை. ஆனால் அடுத்த வரி, விலகலை எழுத்தில், கையெழுத்தோடு தர வேண்டும் என்கிறது. அதையும் படித்தாள்.

"பேனா வச்சிருக்கீங்களா? இருங்க, இந்த முட்டைக்கோசை அமுக்கிட்டு வந்து போட்டுத் தர்றேன்."

சமையலறையில், குளிர்காலத்துக்காக முட்டைக்கோசை உப்புத்தண்ணீரில் ஊறப்போட்ட பீப்பாய் நின்றது. கோசு மிதக்காமல் மேலே வைக்கிற ஆற்றுக்கல்லைக் கழுவி மேசையில் வைத்திருந்தாள். எனக்கு முதுகைக் காட்டிப் பீப்பாய்க்குள் குனிந்தாள். கையெழுத்து இன்னும் விழவில்லை. முறைப்படி அந்த நிமிடம் வரை அவள் என் நூலில்தான் இருந்தாள்.

முதல் அடி காதுக்குப் பின்னால் விழுந்தது. திரும்பிப் பார்த்தாள். முகத்தில் கோபம் இல்லை. கேள்வி புரியாதவர் பார்ப்பதுபோல் பார்த்தாள். இரண்டாவது நெற்றியில். எலும்பு உள்ளே இறங்கியது கல் வழியாக என் கைக்குத் தெரிந்தது. இடது கண் மூடவில்லை, ரத்தம் நிறைந்துவிட்டது. விழும்போது பீப்பாயும் சாய்ந்து, உப்புத்தண்ணீரும் ரத்தமும் ஒன்றாக என் செருப்பு வரை வந்தன. மூன்றாவது அடி தேவைப்பட்டதா என்று கேட்டால் எனக்கு உறுதியில்லை. உறுதியில்லாததை உறுதியாகச் சொல்வது என் வழக்கமும் இல்லை. மூன்றாவதாகவும் அடித்தேன்.

கோபத்தில் செய்தேன் என்று போடாதீர்கள். கோபக்காரி ஒன்பது வருடம் ஒருத்தி பேச்சைக் கேட்டுக்கொண்டு இருக்க மாட்டாள்.

ஆம்புலன்ஸை ஏன் கூப்பிடவில்லை என்று இரண்டு முறை கேட்டுவிட்டீர்கள். அவள் பேசிக்கொண்டிருந்தாள், ஐயா. பேசுகிறவரைக் குறுக்கிடக் கூடாது. பேட்டி தருபவரின் கண்மட்டத்துக்கு இறங்கி உட்கார வேண்டும் என்பார்கள். தரையில், அந்த ஈரத்தில், அவள் அருகே உட்கார்ந்தேன். இருபத்திரண்டு நிமிடம் உட்கார்ந்திருந்தேன். நீங்கள் தடயமாக எடுத்துவைத்திருக்கிற ஒலிப்பதிவில் எல்லாம் இருக்கிறது. அதில்தான் நான் ஒரு தவறு செய்தேன், மறைக்கவில்லை. கருவி ஓடிக்கொண்டிருப்பதை அவளிடம் சொல்லி, அனுமதி கேட்டிருக்க வேண்டும்.

கடைசியாக ஒருமுறை உதடு அசைந்தது.

"நெவெனாகிட்ட... நான்..."

பேச்சு நின்றது. நான் அவசரப்படுத்தவில்லை. அவளுடைய மௌனத்துக்கு உரிய நேரத்தைக் கொடுத்தேன். பிறகு குனிந்து, எப்போதும் கேட்கிற அதே குரலில் கேட்டேன்:

"அதக் கொஞ்சம் விளக்கமாச் சொல்றீங்களா, பென்கா?"