துப்புக்கூலி

முதலில் மோரைக் குடியுங்கள், ஏட்டையா. இந்த வெயிலில் மதுரையிலிருந்து நாகமலை வரை சைக்கிள் மிதிப்பது சின்ன வேலையில்லை. நான் சொல்லப்போவதில் ஒரு சொல் பொய்யானாலும் இந்த நாக்கு அழுகட்டும்: என் ஆயுளில் நான் திருடியதே கிடையாது.

உங்கள் ஸ்டேஷனில் எல்லாவற்றையும் திருட்டு என்றே எழுதிவிடுகிறீர்கள். அதுதான் சங்கடம். ஆளை மறித்துப் பிடுங்கினால் வழிப்பறி. கூட்டமாகப் புகுந்து வீட்டைக் காலி செய்தால் கொள்ளை. நம்பிக் கொடுத்ததைத் தின்றால் கையாடல். அதற்குக் கொஞ்சம் படிப்பு வேண்டும். எடுத்ததைத் தனக்கே வைத்துக்கொண்டால்தான் திருட்டு. நான் செய்தது களவு. என்னிடம் களவு போனது திரும்பி வரும்.

மாட்டைப் பறிகொடுத்தவர் என்னிடம் வருவார். துப்புச் சொல்லக் கூலி கொடுப்பார். மறுநாள் விடிந்ததும், உங்கள் சைக்கிளைச் சாத்தியிருக்கிறீர்களே, அந்தப் புளியமரத்தடியில் மாடு அசைபோட்டுக்கொண்டு நிற்கும். யார் கட்டியது என்று அவரும் கேட்க மாட்டார், நானும் சொல்ல மாட்டேன். நல்லகாமனின் மயிலைக்காளை என் வைக்கோலுக்கு ருசிப்பட்டு, பிறகு தானாகவே அறுத்துக்கொண்டு வந்து நின்றது. அதற்கும் கூலி வாங்கினேன்.

அந்தக் காளையை முதல் தடவை அவிழ்த்தபோது சுருளி பார்த்துவிட்டான். பட்டப்பகலில்தான் அவிழ்ப்பேன்; ராத்திரியில் எனக்குக் கண் சரியாகத் தெரியாது. சுருளி எனக்கு மாப்பிள்ளை முறை.

“மச்சான், மாட்டையும் நீங்களே அவுத்துட்டு, துப்புக்கூலியும் நீங்களே வாங்குறீகளா? நான் ஸ்டேஷனுக்குப் போறேன்.”

“போ மாப்ள, யாரு வேணாங்குறா? ஒரு வாய் கூழு குடிச்சிட்டுப் போ.”

குடித்தான். ஸ்டேஷனுக்குப் போகவில்லை.

சில நாள் கழித்து அவன் பெண்சாதி ரெங்கம்மாள் வந்தாள். மாடு தேடி வருகிறவர்களைப் போலவே வாசலில் நின்றாள்.

“அண்ணே, அம்புட்டு மாட்டுக்கும் துப்புச் சொல்றீக. எம் புருசன் உசிரோட இருக்காரான்னு சொல்லுங்க, போதும்.”

காதிலிருந்து தண்டட்டியைக் கழற்றி வைத்தாள். நான் கேட்கவில்லை, கேட்டிருந்தால் அது பறிப்பு.

“கண்டியில தேயிலைத் தோட்டத்துல இருக்கான் தங்கச்சி. அந்தப் புளியமரத்தடிக்குத்தேன் வருவான்,” என்றேன்.

அன்றிலிருந்து தினமும் காலையில் குளித்து, பொட்டு வைத்து, அங்கே வந்து நிற்கிறாள். யுத்தம் தொடங்கி முடிந்தும் போயிற்று. தாலி இன்னும் அவள் கழுத்தில்தான் இருக்கிறது. அவளிடமிருந்து நான் எதையும் எடுத்ததாக யாரும் சொல்ல முடியாது.

இப்போது கண்டியிலிருந்து வந்த எவனோ, அங்கே அப்படி ஒரு ஆளே இல்லை என்று சொல்லிவிட்டானாம். அதனால்தான் அவள் உங்களிடம் வந்திருக்கிறாள். கூலியை வாங்கிக்கொண்டு ஏமாற்றிவிட்டேன் என்றாளாமே. அது மட்டும் அபாண்டம், ஏட்டையா. அவள் கூலி கொடுப்பதற்கு முந்தியே சுருளியை நான் புளியமரத்தடியில் சேர்த்துவிட்டேன். அவள்தான் இத்தனை வருஷமாக அவன் மேலேயே நின்றுகொண்டு ரோட்டைப் பார்க்கிறாள்.

சைக்கிளைக் கொஞ்சம் நகர்த்திக்கொள்ளுங்கள். மூன்று முழம் தோண்டினால் போதும்.