கல்லுக்கு மேல கட்டின கம்பி

ஹலோ... ஹலோ... சஜீவனா? ... பரிமளம் பேசுறேன். வெச்சிராத. ... வெச்சிராதங்கிறேன்ல! காலையிலேருந்து ஏழு தடவ கட் பண்ணிட்ட. இது வேற ஆளோட போனு, அதான் எடுத்திருக்க. தெரியும்.

... ஆமா. ... ஆமா ஆமா, வேலையா இருப்ப. ஒனக்கு வேலை இருக்கு. எனக்குத்தான் வேலை போச்சு.

... எப்படிப் போச்சுன்னு எங்கிட்டயே கேக்குறியா? நீ எழுதிக் குடுத்த கடுதாசியில போச்சு. போட்டோ காப்பி எடுத்து மெனேஜர் என் கையில குடுத்துட்டாரு. இரு, படிக்கிறேன். நீ எழுதினதுதானே, காது குடுத்துக் கேளு.

‘மேற்படி சவுனா எனும் வியர்வைக் குளியல் அறையின் மின்சூடேற்றி என்னால் முறைப்படி பொருத்தப்பட்டது. பங்களாவின் துப்புரவுப் பணிப்பெண் பரிமளம் என்பவர், தன்னிச்சையாக அதற்கு மேலே கம்பி கட்டித் துவாய்களைக் காயப்போட்டதே தீ விபத்துக்குக் காரணம்.’

பரிமளம் என்பவர்! ஒனக்கு நான் ‘என்பவரா’டா? ஒரே லயத்து வரிசை வீடு, நடுவுல ஒரே சுவரு. உங்க வீட்டுல உங்கம்மா அம்மாக்கண்ணு இருமினா எங்க வீட்டுல கேக்கும். என்பவராம்!

... என்ன? ... மெனேஜர் சொல்லச் சொல்ல எழுதினியா? கை யாரோடது? மெனேஜர் கையா?

... சரி, அது கெடக்கட்டும். இதுக்கு மட்டும் பதில் சொல்லு. தன்னிச்சையா கம்பி கட்டினேன்னு எழுதியிருக்கியே, ஸ்டூல் மேல ஏறினது யாரு? ... யாரு ஏறினான்னு கேக்குறேன். ... ரெண்டு ஆணி அடிச்சு, வேனுலேருந்து கம்பி வெட்டிக்கிட்டு வந்து, முறுக்கிக் கட்டினது யாரு? நான் ஸ்டூலப் புடிச்சிக்கிட்டு நின்னேன். கட்டிட்டு எறங்கி, ‘இதுல யானையே தொங்கலாம் பரிமளக்கா’ன்னு சொன்னியா இல்லையா?

... நான் கேட்டதாலதான் கட்டினியா?

... கேட்டேன். ஆமா, நாந்தான் கேட்டேன். இல்லேங்கல. எந்த சாமி முன்னாலயும் சொல்லுவேன். அன்னைக்குப் பன்னெண்டு நாளா விடாத மழை. துணி காயுற மிசின் ரிப்பேரு. ரூமுல துவாய் நாறுதுன்னு மெனேஜர் காலையில ஒரு தடவ கத்துறாரு, சாயங்காலம் ஒரு தடவ கத்துறாரு. நீ வந்து அந்தப் பலகை ரூமுல கரண்ட் அடுப்பப் பொருத்திப் பூட்டி, கல்ல அடுக்கி, சூடு ஏத்திக் காட்டுற. எனக்கு என்ன தோணும்? நம்ம லயத்துல அடுப்புக்கு மேல கம்பி கட்டாத வீடு எது? இஸ்கூல் உடுப்பு, கம்பளி, புள்ளைக்குக் கட்டுற துணி, எல்லாம் அங்கதானே காயுது. நீ இஸ்கூலுக்குப் போட்டுட்டுப் போன கால்சட்டையும் அங்க காஞ்சதுதான்.

... அதத்தான் நானும் சொல்றேன்! எனக்குத் தெரியாது. நான் கொழுந்து பறிச்சவ. நீ படிச்சவன், அட்டன் டவுனுக்குப் போயி கோர்ஸ் செஞ்சு சர்டிபிகேட் வாங்கினவன். ‘அக்கா, இது நம்ம வீட்டு அடுப்பில்ல, மேல ஒண்ணும் தொங்கக் கூடாது’ன்னு ஒரு வார்த்தை வந்துச்சா ஒன் வாயிலேருந்து? ரொட்டியத் தின்ன, பிளேன்டீயக் குடிச்ச, கம்பியக் கட்டின, போயிட்ட.

... சொன்னியா? என்ன சொன்ன? ... கல்லப் பத்திச் சொன்ன. ஆமா, சொன்ன. கல்ல இறுக்கி அடுக்காதீங்க, இடையில காத்து போவணும். பெருசு அடியில, சிறுசு மேல. ஆத்துக் கல்லு போடாதீங்க, வெடிக்கும். மூணு மாசத்துக்கு ஒருக்கா மெயின அமத்தி, நல்லா ஆறவிட்டு, எல்லாத்தையும் எறக்கி, ஒடஞ்சத வீசிட்டுத் திரும்ப அடுக்குங்க. எல்லாம் மனப்பாடம். நீ சொன்னத ஒண்ணு விடாம செஞ்சேன்டா நான். ஒவ்வொரு கல்லையும் தட்டிப் பாத்தேன். நீ சொல்லாததுலதான் தீப்புடிச்சது.

... அடுப்போட வந்த புத்தகத்துலயா? ஆமா, இருக்கு. நேத்து மெனேஜர் மேசையில வெச்சு எங்கிட்டக் காட்டினாரு. இங்கிலீசு எனக்குத் தெரியாது, படம் தெரியும். துவாய் படம் போட்டு சிவப்புல குறுக்கக் கோடு அடிச்சிருக்கு. கடைசிப் பக்கத்துல அதே படம் ஸ்டிக்கரா இருக்கு, சுவத்துல ஒட்டுறதுக்கு. உரிக்கக்கூட இல்ல! அந்தப் புத்தகத்த மெனேஜர்கிட்ட குடுத்துக் கையெழுத்து வாங்கிட்டுப் போயிருக்க. தெனமும் அந்த ரூமத் தொறக்கிறது நானு. எனக்கு ஏன் காட்டல?

... மறந்துட்டியா. நல்லா இருக்கு. இதையும் அந்தக் கடுதாசியில எழுதியிருக்கலாமே.

... என்ன சும்மா ‘சின்ன நெருப்பு, சின்ன நெருப்பு’ங்கிற? நீ பாத்தியா? துவாய் நழுவி கல்லு மேல விழுந்திருக்கு. நான் கதவத் தொறக்கையில பலகை பத்திக்கிட்டு எரியுது. வாளியத் தூக்கிட்டேன். அப்புறம்தான் கரண்டாச்சேன்னு ஞாபகம் வந்து வாளியப் போட்டுட்டு ஓடிப் போயி மெயின அமத்தினேன். திரும்ப வந்து ஈரச் சாக்குப் படங்கால அடிச்சு அணைச்சதுல மணிக்கட்டுலேருந்து முழங்கை வரைக்கும் தோலு கழண்டு போச்சு. பத்து நிமிசம் கழிச்சு அந்த வெள்ளக்காரப் பொண்ணு உள்ள போயி உக்காந்திருக்கும். மலையேறி வந்து குளிருதுன்னு, வேர்க்கறதுக்குப் போற புள்ள. அந்தப் புள்ளைய நீ ஒரு தடவையாச்சும் நெனச்சியா?

... மெனேஜரா? அவருக்குக் கம்பி இருக்கறதே தெரியாதாம். தெனம் கண்ணால பாத்தாரு. ‘பரிமளம், நல்ல ஐடியா’ன்னு சொன்னாரு. இப்ப ஒண்ணுந் தெரியாதாம். பழி ஓரிடம், பாவம் ஓரிடம். அவர நான் பாத்துக்குறேன். அவரு எனக்கு ஒட்டுமில்ல ஒறவுமில்ல. நீதான்...

... இல்ல, நீ கேளு. நாளைக்குப் பத்து மணிக்கு விசாரணை. நம்ம யூனியன் தலைவர் கந்தப்பன் வர்றாரு. ‘கம்பிய சஜீவன்தான் கட்டினான்னு சொல்றியே, சாட்சி இருக்கா?’ன்னு கேக்குறாரு. இருந்த கம்பியையும் கரிஞ்ச பலகையோட சேத்து வீசிட்டாங்க. நீ வந்து ஒரு வார்த்தை சொல்லு. ‘கேட்டது அவங்க, கட்டினது நான், தடுத்திருக்கணும், தடுக்கல.’ அவ்வளவுதான். அதுக்கு மேல ஒரு சொல்லு வேணாம்.

... லைசன் போயிருமா? ... ஒன் பேரு கெட்டுப் போயிருமா? என் பேரு இப்ப என்ன நெலயில இருக்கு? தீ வெச்சவள்னு எழுதிட்டா எந்த பங்களாவுல சேப்பான்? தேயிலைத் தோட்டத்துல பேர வெட்டிட்டுத்தான் இங்க வந்தேன். திரும்ப கொழுந்து மலைக்கு எடுக்க மாட்டேன்னு வேலை குடுக்குற கண்டாக்கு மொகத்துக்கு நேரா சொல்லிட்டாரு. ஒனக்கு இன்னும் நாலு பங்களா கெடக்கு. எனக்கு எங்கடா கெடக்கு?

... என்ன சத்தம் அது? ... டக்கு டக்குன்னு. ... எங்க நிக்கிற இப்ப? ... மஸ்கெலியாவுலயா? ... என்ன பூட்டுற அங்க?

... அதே கரண்ட் அடுப்பா? கல்லு போட்டதா? ... பூட்டியாச்சா? ... சூடு ஏத்திப் பாக்குறியா. சரி. ... சஜீவா, ஒண்ணு கேக்குறேன், உண்மையச் சொல்லு. மேல கம்பி கட்டினியா?

... கட்டினியா இல்லையா?

... அடப்பாவி. ... அடேய் பாவி! ... யாரு கேட்டா? ... அங்க வேலை செய்யுற பொண்ணு கேட்டுச்சா. கேட்டவுடனே கட்டிட்டியா? போன கெழம நான் வெந்து கெடந்தேன்டா! ஒனக்கு மண்டையில என்ன இருக்கு? ... என்ன, இது ஒசரத்துல இருக்கா? ஒசரத்துல இருந்தா துவாய் கீழ விழாதா? ... வாய மூடு. அந்தப் பொண்ணுகிட்ட போனக் குடு. ... நீ பேசாத. குடுங்கிறேன்ல!

... ஹலோ. யாரும்மா? ... கௌசிதான் பேரா. நான் பரிமளம். நானுஓயா பக்கத்து பங்களாவுல ஒன்ன மாதிரி ரூம் கூட்டுற வேலை செஞ்சேன். ... ஆமாம்மா, அந்தத் தீப்புடிச்ச பங்களாதான். அந்தப் பரிமளந்தான். ... நான் சொல்றதக் கேளு. கம்பியில எதாச்சும் தொங்குதா இப்ப? ... எத்தன? ... ஆறு துவாயும் ஒரு பெட்சீட்டும். அடுப்பு எரியுதா? ... கௌசி, போன வெக்காம ஓடிப் போயி மெயின அமத்து. அப்புறம் துணிய எடு. துணிய மொதல்ல தொடாத. மொதல்ல மெயின். ஓடு!

... ... ...

... அமத்திட்டியா? ... துணி? ... பெட்சீட்டு ஓரம் செவந்து போயிருக்கா? ... சரி. சரி. மூச்சு வாங்காத, நில்லு. எடுத்துட்டல்ல, போதும். ... ஒந்தப்பு இல்லம்மா. நானும் அப்படித்தான் கேட்டேன். நம்ம வீட்டு அடுப்புல வெறகு அவிஞ்சா சூடு அடங்கிரும். இது அடங்காது. நீ பாத்தாலும் பாக்காட்டியும் ஏறிக்கிட்டே இருக்கும். இனிமே சுவிச்சப் போடறதுக்கு முன்னால தெனம் உள்ள போயி பாரு. கல்லு மேல, பக்கத்துல, ஒரு கைக்குட்டகூட இருக்கக் கூடாது. ஆவிக்குக் கல்லு மேல தண்ணி ஊத்தச் சொன்னா ஒரு கரண்டி, அதுக்கு மேல வேணாம். அந்தப் புத்தகத்தக் கேட்டு வாங்கு. இங்கிலீசு தெரியாட்டியும் படத்தப் பாரு. மெனேஜர்கிட்ட இருக்குன்னா விட்றாத. நான் விட்டேன்.

... கௌசி, ஒண்ணு கேக்கவா? அந்தக் கம்பிய அவன் கட்டினத நீ கண்ணால பாத்தல்ல? நாளைக்கு எங்க தலைவர்கிட்ட வந்து சொல்லுவியா? ... ஆமா. ... ஆமா, ஒன்னையும் நிப்பாட்டிருவாங்க. ... ரெண்டு புள்ளயா. ... வேணாம், வேணாம். நான் கேக்கல. விடு. ... போட்டோ எடுக்க முடியுமா? ... பட்டன் போனா. சரி.

... அப்ப இப்படிச் செய்வோம். கம்பி அப்படியே கெடக்கட்டும். நாளைக்கு விடியக்காலையில, விசாரணைக்கு முன்னாலயே தலைவரக் கூட்டிக்கிட்டு வந்து காட்டுறேன். ஒன் பேரு வராது. இங்கயும் கட்டியிருக்கான் பாருங்கன்னு ஆளுங்க கண்ணால பாத்துட்டா எனக்கு அது போதும். அது வரைக்கும் அடுப்ப எரிக்காத. ... ஏன்? ... இன்னைக்கு நாலு மணிக்கே கெஸ்ட் வர்றாங்களா. ... அமத்தி வெச்சா மெனேஜரே வந்து போட்டுருவாரா. ... துவாயையும் அவரே போடச் சொல்லுவாரா. ... ம். ... அவருக்குத் தெரியாது, சொன்னாலும் கேக்க மாட்டாரு. ... ம்.

... ... இரும்மா. கொஞ்சம் இரு.

... ... இல்ல, லைன்லதான் இருக்கேன். யோசிக்கிறேன். ... வேற வழியில்ல. அவங்கிட்டக் குடு போன.

... சஜீவா. கம்பியக் கழட்டு. ... இப்பவே, நான் கேக்கையில. ... தெரியும்டா! அத விட்டா எங்கிட்ட ஒண்ணும் இல்லேன்னு ஒனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அதான இவ்வளவு சந்தோசமா ‘சரிக்கா, சரிக்கா’ங்கிற! கேவலமா இல்ல? ... கழட்டு. கம்பிய மட்டும் அவுத்துட்டு ஆணிய விட்டுறாத, அதுல வேற யாராச்சும் கட்டுவாங்க. ரெண்டு ஆணியையும் புடுங்கு.

... ... ...

... ஒண்ணு. ... அடுத்தது.

... ... ரெண்டும் வந்துருச்சா? கௌசி, வந்துருச்சா? ... சரி.

... நல்லாக் கேட்டுக்க. எஞ்சாட்சிய நானே புடுங்கச் சொல்லிட்டேன். இனி ஒம்மேல சொல்ல எங்கிட்ட வாய் மட்டுந்தான் இருக்கு. பங்களா கூட்டுறவ வாயி. அத யாரு நம்புவா? நீ வந்தா உண்டு. வரலேன்னா தீ வெச்சவ நாந்தான், சாகுற வரைக்கும். நாளைக்குப் பத்து மணி. வர்றியா?

... அழுவுறியா? ... ஒன் அழுகை எனக்கு எதுக்குடா? எனக்கு ஆள் வரணும். வர்றியா, இல்லையா? ஒரு வார்த்தை சொல்லு. ... சஜீவா? ... டேய்... ஹலோ? ... ஹலோ?

... வெச்சிட்டான்.