முதல் கம்பி மட்டும்

என் இடது கைச் சுண்டுவிரல் கொஞ்சம் குட்டை. பிறவியிலேயே அப்படி. சாப்பிடவோ வண்டி ஓட்டவோ அதனால் ஒரு தொந்தரவும் இருந்ததில்லை. கிடார் பழக ஆரம்பித்த பிறகுதான் அப்படி ஒரு விரல் எனக்கு இருப்பதே தெரிந்தது.

நீங்கள் கேட்டது வேறு, மேடம். அதற்கு வருகிறேன். இங்கிருந்து சொன்னால்தான் உங்களுக்குப் புரியும். நேற்று ஸ்டேஷனில் உங்கள் ரைட்டர் எழுதிய நாலு வரியைப் படித்துப் பார்த்தேன். அதில் பொய் எதுவும் இல்லை. ஆனால் படிக்கிறவர்கள் என்னை ஒரு முரடன் என்று நினைத்துக்கொள்வார்கள். என் அக்காவிடம் நான் ஒரு தடவைகூடக் குரலை உயர்த்திப் பேசியதில்லை. அதனால்தான் நானே எழுதித் தருகிறேன் என்று பேப்பர் கேட்டேன்.

பெயர் குமாரவேல். வயது நாற்பத்து மூன்று. செவிலிமேட்டில் வீடு. பட்டுச் சேலைக்கு டிசைன் போடுவது தொழில். கம்ப்யூட்டரில் கட்டம் கட்டமாக நிறம் வைத்து பார்டரும் முந்தானையும் வரைந்து கொடுப்பேன். இருபது வருஷமாக மயில், அன்னம், மாங்காய். நானாக ஏதாவது வரைந்து எடுத்துப் போனால், "நல்லாத்தான் இருக்குது, ஆனா மயிலே போட்டுக் குடுத்துடேன்பா" என்பார்கள். போட்டுக் கொடுத்துவிடுவேன்.

எனக்குக் கல்யாணம் ஆகவில்லை. ரேணுகாம்பாள் அக்கா என்னைவிடப் பதினோரு வயது மூத்தவள். புருஷன் போன பிறகு என்னோடுதான் இருந்தாள். கடைச் சேலைகளுக்குக் குஞ்சம் கட்டிக் கொடுப்பாள். நான் முன்னறையில் கம்ப்யூட்டர் முன்னால், அவள் ஜன்னலோரத்தில் மடியில் சேலையோடு. எங்கள் பகல்கள் அப்படித்தான் போயின.

கிடார் வாங்கும்போது எனக்கு வயது முப்பத்திரண்டு. யாரும் சொல்லித் தரவில்லை. செல்போனில் வீடியோ பார்த்துப் பார்த்துப் பழகினேன். மற்றவர்கள் மூன்று மாதத்தில் தாண்டிப் போகிற, ஆறு கம்பியும் சேர்ந்து ஒலிக்க வேண்டிய எஃப் கார்டில் நான் நான்கு வருஷம் நின்றேன். ஆட்காட்டி விரலைப் படுக்கப் போட்டு ஆறு கம்பியையும் அழுத்தி, மற்ற மூன்று விரலையும் அதனதன் இடத்தில் வைக்க வேண்டும். சுண்டுவிரல் அதன் இடத்துக்கு எட்டும்போது ஆட்காட்டி விரல் தூக்கிக்கொள்ளும். ஒரு கம்பி பேசும், இன்னொன்று 'டொக்' என்று செத்துப்போகும். ஒரு நாளைக்கு இருநூறு தடவை என்று நான்கு வருஷம்.

காந்தி ரோட்டில் மாடியில் கிடார் கிளாஸ் நடத்தும் சிட்டிபாபுவிடம் ஒருமுறை போனேன். என் கையைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "இந்த விரலுக்கு இது வராது சார். தபேலா ட்ரை பண்ணுங்களேன்" என்றார். அவர் மேல் எனக்கு வருத்தம் இல்லை. தனக்குத் தெரிந்ததைச் சொன்னார்.

அதற்குப் பிறகுதான் ஒரு விஷயம் கண்டுபிடித்தேன். கிடாரின் ஆறு கம்பிகளையும் எல்லாரும் ஒரே மாதிரிதான் சுருதி சேர்க்கிறார்கள். அப்படித்தான் சேர்க்க வேண்டும் என்று சட்டம் எதுவும் இல்லை. இரண்டு கம்பியைக் கொஞ்சம் தளர்த்தி, ஒன்றை ஏற்றினால், விரலே வைக்காமல் மீட்டினாலும் ஒரு முழுக் கார்டு கேட்கும். ஒற்றை விரலை நகர்த்தியே ஒரு பாட்டை வாசித்துவிடலாம். முதன்முதலில் அப்படி மாற்றி வைத்து மீட்டிய பகலில் எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது. அக்கா குஞ்சத்திலிருந்து தலையைத் தூக்கி, "இன்னாடா, புதுசா வாங்கினியா?" என்று கேட்டாள். அதே கிடார்தான் என்றதை நம்பவில்லை.

அந்த சந்தோஷம் ஒரு வருஷம் இருந்தது. பிறகு தெரிந்தது, நான் கண்டுபிடித்ததாக நினைத்த ஒவ்வொரு சுருதியையும் எவனோ எங்கேயோ அறுபது வருஷத்துக்கு முன்பே கண்டுபிடித்து, பேர் வைத்து, பட்டியல் போட்டிருந்தான். நான் ஒன்றை வாசித்து நெட்டில் போடுவேன். கீழே யாராவது வந்து அதன் பேரை எழுதிவிட்டுப் போவார்கள். எண்பத்தேழு சுருதிகள் முயற்சி செய்தேன். கம்பியை அளவுக்கு மீறித் தளர்த்தினால் கட்டையில் மோதிக் கரகரக்கும். ஏற்றினால் அறுந்து கன்னத்தில் அடிக்கும். எண்பத்தேழும் யாரோ ஒருவனுடையதாகவே இருந்தது. மயிலும் அன்னமும் இங்கேயும் வந்துவிட்டன என்று நினைத்துக்கொண்டேன்.

போன தை மாதம் அக்காவுக்கு முதுகு வலி வந்தது. மார்பில் இருந்த கட்டி முதுகெலும்பு வரை போய்விட்டது என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். டாக்டரம்மா என்னைத் தனியாக உட்கார வைத்துப் பேசினார். "நோயை இனிமே ஒண்ணும் பண்ண முடியாது குமாரவேல். ஆனா வலி இல்லாம பாத்துக்கலாம். அது நம்ம கையில இருக்குது." நாலு மணி நேரத்துக்கு ஒரு மாத்திரை. மணி தவறக் கூடாது. பத்து நாளைக்கு ஒருமுறை சத்யப்ரியா என்கிற நர்ஸ் வீட்டுக்கே வந்து பார்ப்பார்.

நான் மணி தவறவில்லை. போனில் அலாரம் வைத்துக் கொடுத்தேன். அக்காவுக்குத் தலை வாரினேன், துடைத்துவிட்டேன், கஞ்சி ஊட்டினேன். தெருவில் யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள்.

சித்திரையில் ஒரு நாள் பகல் பன்னிரண்டு மணி மாத்திரைக்கு இன்னும் பத்து நிமிஷம் இருந்தது. முந்தைய மாத்திரையின் வேகம் குறைந்துகொண்டிருந்ததால் அக்கா லேசாக முனகினாள். என் பக்கத்தில் சுருதி பார்க்கும் ஆப் திறந்தே இருந்தது. முள் நகர்ந்தது. எஃப்புக்கும் அதற்கு அடுத்த ஸ்வரத்துக்கும் நடுவில், எந்த எழுத்திலும் சேராத ஓர் இடத்தில் போய் நின்றது. நான் ஒன்றும் யோசிக்கவில்லை. மூன்றாவது கம்பியைத் தளர்த்தி அந்த இடத்துக்குக் கொண்டுவந்தேன். அவள் முனகியபோது மீட்டினேன். கம்பியும் குரலும் ஒன்றின் மேல் ஒன்று சரியாக உட்கார்ந்தன. எந்தப் பட்டியலிலும் இல்லாத சத்தம் அது. பிறகு மாத்திரையைக் கொடுத்தேன். எட்டு நிமிஷம் தாமதம், அவ்வளவுதான்.

மறுநாள் அரை மணி தாமதம். புரண்டு படுக்கும்போது அவள் குரல் வேறு இடத்தில் தொடங்கிக் கீழே இறங்குவதைக் கவனித்தேன். அது நான்காவது கம்பி ஆயிற்று. பெருமூச்சு விடும்போது அடியில் ஓடும் உறுமல், ஐந்தாவது கம்பி. ஒவ்வொரு கம்பிக்கும் இன்னும் கொஞ்சம் நேரம் தேவைப்பட்டது. ஒரு மணி நேரம், இரண்டு மணி நேரம். ஐந்து கம்பிகள் முடியும்போது வைகாசி ஆகிவிட்டது. அந்த ஐந்தை வைத்து வாசித்ததைக் கேட்டு அக்காவே, "நல்லாருக்குதுபா, மனசு என்னமோ பண்ணுது" என்றாள். பதினோரு வருஷத்தில் என் வாசிப்பைப் பற்றி அவள் சொன்ன முதல் நல்ல வார்த்தை அது.

முதல் கம்பி மட்டும் பாக்கி. ஆறில் அதுதான் மெல்லியது, உச்சத்தில் பேசுவது. அதற்கான சத்தம் முனகலில் வராது. அதற்கும் மேலே எங்கேயோ இருந்தது. இரண்டு மணி நேரத் தாமதத்தில் அது வரவில்லை.

அதனால் மாத்திரையை நிறுத்தினேன். அதே அளவில், அதே வெள்ளையில் ஒரு சத்து மாத்திரை மருந்துக்கடையில் கிடைத்தது. அலாரம் அடித்ததும் அதைக் கொடுத்தேன். அக்கா விழுங்கிவிட்டு, "குடுத்துட்டியாப்பா?" என்று கொஞ்ச நேரம் கழித்துக் கேட்பாள். "இப்பதானேக்கா முழுங்கின" என்பேன். நிஜ மாத்திரைகளை நான் தூக்கி எறியவில்லை. பத்திரமாகவே வைத்திருந்தேன். ஒரு கம்பி சேர்ந்ததும் பழையபடி கொடுத்துவிடத்தான் இருந்தேன். இதை நீங்கள் எழுதிக்கொள்ள வேண்டும்.

முதல் நான்கு நாள் நன்றாகப் போயின. அவளுக்கு வேர்த்துக் கொட்டியது, கை நடுங்கியது. சத்தம் நாளுக்கு நாள் ஏறியது. நர்ஸ் வந்து பார்த்துவிட்டு, "டோஸ் பத்தல போலிருக்குதுண்ணா, டாக்டர்கிட்ட கேட்டு ஏத்தித் தரேன்" என்றார். ஏற்றியும் தந்தார். நான் வாங்கி வைத்துக்கொண்டேன்.

ஐந்தாம் நாள் பகலில் அவள் முனகி ஏறும்போது முதல் கம்பியின் திருகைக் கூடவே முறுக்கிக்கொண்டு போனேன். நடுவில் அவள் நிறுத்தினாள். நானும் நிறுத்தினேன். மறுபடி முனகினாள். நான் முறுக்கினேன். மறுபடி நிறுத்திவிட்டு, தலையைத் திருப்பி என் கையையே பார்த்தாள்.

"இன்னாத்துக்குடா நான் கத்தறப்போலாம் அத்த முறுக்கறே?"

"சும்மாக்கா. சுருதி பாக்கறேன்."

"மாத்திரை ஏன்டா வேலை செய்யல?"

"டோஸ் பத்தலன்னு நர்ஸே சொன்னாங்களே."

அவள் டீப்பாய் மேல் இருந்த மாத்திரை டப்பாவைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். பிறகு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

அடுத்த நாளிலிருந்து நான் கிடாரை மடியில் வைத்ததும் அவள் முந்தானையை எடுத்து வாயில் திணித்துக் கடித்துக்கொள்வாள். சத்தம் வராது. கழுத்து நரம்பு மட்டும் புடைத்து நிற்கும். எனக்கு இதுதான் புரியவில்லை, மேடம். ஐந்து கம்பிக்குத் தந்தவள் ஆறாவதாக ஒன்றுக்கு ஏன் இப்படிச் செய்ய வேண்டும்? மூச்சு திணறிவிடும் என்று சொல்லி முந்தானையை மெதுவாக எடுத்துவிட்டேன். உதட்டைக் கடித்துக்கொண்டாள். அவளைப் புரட்டிப் படுக்க வைக்க இரண்டு பேர் வேண்டும், இடுப்புக்குத் தலையணை கொடுக்க வேண்டும் என்று நர்ஸ் சொல்லித் தந்திருந்தார். நான் ஒருவனாகவே, தலையணை இல்லாமல் புரட்டினேன். ஒரு நாளில் ஐந்து முறை. ஆப்பின் முள் அசையவே இல்லை. இப்படி ஒன்பது நாள் போனது. பழைய எஃப் கார்டு நாட்களில்கூட எனக்கு அவ்வளவு சலிப்பு வந்ததில்லை. கைக்கு எட்டும் தூரத்தில் இருக்கிறது, கிடைக்க மாட்டேன் என்கிறது. அந்த எரிச்சலை நான் முகத்தில்கூடக் காட்டவில்லை.

அடுத்த முறை வந்தபோது சத்யப்ரியா உதட்டில் இருந்த காயத்தைப் பார்த்தார். தன் பையிலிருந்து ஒரு மாத்திரையை எடுத்து அக்காவுக்குக் கொடுத்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தார். "வேற வீட்டுக்குப் போகலையாம்மா?" என்று கேட்டேன். "இருக்கேண்ணா" என்றார். அரை மணிக்கு மேல் ஆனபோது அக்கா தூங்கிப்போனாள். பதினான்கு நாளில் முதல் தூக்கம். சத்யப்ரியா எழுந்து போய் டப்பாவைத் திறந்து, ஒரு மாத்திரையை உள்ளங்கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இது என்னாண்ணா?"

அவர் வாசலில் போய் நின்று போன் செய்தார். ஆம்புலன்ஸ் வந்தது. அக்காவை ஏற்றினார்கள். என்னை ஏற விடவில்லை. ஆஸ்பத்திரியில் சரியான மருந்து கொடுத்ததில் மூன்று நாள் வலியில்லாமல் கிடந்து, நாலாம் நாள் காலையில் போய்விட்டாள் என்று நீங்கள்தான் என்னிடம் சொன்னீர்கள். கடைசியில் ஏதாவது பேசினாளா என்று கேட்டேன். சத்யப்ரியாவின் கையைப் பிடித்துக்கொண்டு, "அவனை மட்டும் உள்ளே விடாதம்மா" என்று சொன்னதாகச் சொன்னீர்கள்.

மாத்திரையை மாற்றியது நான்தான். பதினான்கு நாள், தெரிந்தேதான் மாற்றினேன். வேறு யாருக்கும் இதில் சம்பந்தமில்லை. என்ன செக்‌ஷன் போட்டாலும் கையெழுத்துப் போடுகிறேன். அவளைக் கொன்றது நோய், நான் இல்லை. ஆனால் அதைப் பற்றி வாதாடப் போவதில்லை.

ஒன்றே ஒன்று சொல்லி முடிக்கிறேன். ஐந்து கம்பிகள் சேர்ந்துவிட்டன. அந்தச் சுருதி உலகத்தில் வேறு எவனிடமும் இல்லை. இன்னும் ஒரே ஒரு முறை, இரண்டு நொடி வாயைத் திறந்திருந்தால் போதும், எல்லாம் முடிந்திருக்கும், அவளும் அன்றைக்கே நிம்மதியாகத் தூங்கியிருப்பாள். கூடப் பிறந்தவனுக்கு அதைக்கூடத் தராமல் வாயை மூடிக்கொண்டு போய்விட்டாள். லாக்கப்பில் உட்கார்ந்து இரண்டு நாளாக யோசித்துப் பார்த்தேன். முதலில் மனசு ஆறவில்லை. இப்போது ஆறிவிட்டது.

அவளை நான் மன்னித்துவிட்டேன்.