மகள் அனுப்பிய கார் ரேடியோ

வண்ணார்பேட்டையில் பாபநாசம் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தேன். முன் சீட்டில் இரண்டு பெரியவர்கள். ஜன்னலோரம் இருந்தவர் பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னார்:

"அந்தச் சாட்டிலைட்டு நம்ம பக்கம் திரும்பியே பாக்க மாட்டேங்கு வே."

"எந்தச் சாட்டிலைட்டு?"

"மக அமெரிக்காவுல இருந்து காருக்கு ரேடியோ அனுப்பினால்லா. வானத்துல இருந்து நேரா பாட்டு வருமாம். டாஷ்போர்டை அறுத்து மாட்டி, கூரையில ஏரியலும் வச்சாச்சு. ஒரு முனகல்கூட இல்ல. அந்தச் சாட்டிலைட்டு அமெரிக்காவுக்குத்தான் பாடுமாம், இன்னைக்குக் கடைக்காரன் சொல்லுதான். கழட்டச் சொல்லி வண்டியை அங்கனயே விட்டுட்டு வாரேன்."

"அதுவும் உம்ம மக மாதிரி அங்கனயே தங்கிட்டாக்கும்."

ஜன்னலோரத்துக்காரர் வெளியே வயலைப் பார்த்தார்.

"உள்ளதை அவகிட்டச் சொல்லிரும் வே" என்றார் நண்பர்.

"எப்படிச் சொல்ல? அருமையா பாடுதுன்னு போன வாரமே சொல்லிட்டேன். ஆசையா அனுப்பின பிள்ளை."

அப்போது போன் அடித்தது. மகள்தான். காது கொஞ்சம் மந்தம்போல, ஸ்பீக்கரில் போட்டார்.

"அப்பா, கார்லயா போறிய? பாட்டுச் சத்தம் கேக்கு."

பஸ்ஸில் பாட்டு அலறிக்கொண்டிருந்தது.

"ஆமாம்மா. நீ அனுப்பின ரேடியோதான்."

"சேரன்மாதேவி எல்லாம் முன்னால வாங்க" என்று கத்திவிட்டு விசிலடித்தார் கண்டக்டர்.

"அது யாருப்பா?"

"செய்தி வாசிக்கான்மா."

நண்பர் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டார்.

"சரிப்பா. பஸ் நின்னப்புறம் பைய இறங்குங்க."